குளியலறையில் டிவி மாட்டுவோருக்கு: 230 வோல்ட்டைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் வழி

குளியலறையில் டிவி வேண்டும் என்று ஆசைப்படுபவர்களில் பெரும்பாலோர், படுக்கையறையில் சும்மா கிடக்கும் பழைய 24 அங்குலப் பெட்டியை எடுத்துவந்து, கீசருக்கென்று போட்டிருக்கும் பிளக் பாயிண்டில் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்றே எண்ணுகிறார்கள். அந்தப் பெட்டி ஒரு மாதம் ஓடவும் ஓடும். பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போன நீராவி, மின்சாரம் நுழையும் பலகையின் மீது படிந்து, அதன்மேல் தூசியும் சேர்ந்து, கசிவுக்கு ஒரு பாதை உண்டாகிற நாள்வரை எந்தத் தொல்லையும் தெரியாது. ஆகவே, ஒரு தீர்மானத்தோடு வேலையைத் தொடங்குங்கள்: டிவிக்கென்று 230 வோல்ட் மின்சாரம் குளியலறைக் கதவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, டிவிக்குப் போய்ச் சேர வேண்டியது 12 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) மட்டுமே. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையும் இந்தத் தீர்மானத்திலிருந்து பிறப்பதுதான்.

காரணம் எளிய கணக்கு. உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். சோப்பு நீரில் நனைந்த உடம்பின் தடையோ ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் 230 வோல்ட் பட்டால் உடம்பின் வழியே 230 மில்லி ஆம்பியர் பாயும்; இதயத் துடிப்பைக் குலைக்க அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். வீட்டு போர்டில் இருக்கும், அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஏனெனில் 230 மில்லி ஆம்பியர் என்பது அதற்குக் கால் ஆம்பியர்கூட இல்லை. எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, ஆளைக் காப்பாற்றுவது, கசியும் மின்சாரத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இவை இரண்டையும் ஒன்றென எண்ணிக் குழம்புவது நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இடம் பார்ப்பது

டேப் எடுத்து அளக்காமல் எதையும் வாங்க வேண்டாம். குளியலறை மின்பணிக்கான ஐ.இ.சி. 60364 என்னும் சர்வதேசத் தரவிதிகள், நனையும் அபாயத்தைப் பொறுத்து அறையை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. குளியல் தொட்டியின் உட்பகுதி சுழிய மண்டலம். தொட்டிக்கு நேர் மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரையுள்ள இடம் முதல் மண்டலம். அதன் விளிம்பிலிருந்து மேலும் 60 சென்டிமீட்டர் தூரம் இரண்டாம் மண்டலம். நம் ஊர்ப் பெரும்பாலான வீடுகளில் தொட்டியும் கிடையாது, ஷவருக்கென்று தடுப்பு மேடையும் கிடையாது. அப்படிப்பட்ட அறைகளில் ஷவர் பொருத்திய புள்ளியிலிருந்து 1.2 மீட்டர் தூரத்துக்குள் உள்ள இடம் முழுவதுமே முதல் மண்டலமாகிவிடுகிறது.

8 அடிக்கு 5 அடி என்னும் அடுக்குமாடி அளவை எடுத்துக்கொள்வோம். கதவுக்கு எதிரே, கடைசியில் உள்ள 5 அடிச் சுவரில் ஷவர் இருந்தால், 1.2 மீட்டர் என்பது ஏறக்குறைய 4 அடி. அறையின் பாதி அங்கேயே போய்விட்டது. எஞ்சிய பாதியில்தான் வாஷ் பேசினும் கம்மோடும் இருக்கும். டிவிக்கான இடமும் அங்கேதான். வாஷ் பேசினுக்கு மேலே கண்ணாடி மாட்டும் இடத்தில், நிற்பவரின் கண்மட்டமான சுமார் 5 அடி உயரத்தில் பொருத்துவது பல வகையிலும் வசதி. சவரம் செய்துகொண்டே செய்தி பார்க்கலாம் என்பதோடு, கதவுக்குப் பக்கமாக இருப்பதால் ஒயர் வர வேண்டிய தூரமும் குறையும்.

ஆனால் இந்த மண்டலக் கணக்கு ஷவரில் நின்று குளிப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பக்கெட்டில் பிடித்து மக்கால் மொண்டு ஊற்றிக் குளிக்கும் வீட்டில் தண்ணீர் 4 அடியோடு நின்றுவிடுவதில்லை. ஹெல்த் ஃபாசெட்டின் குழாயோ ஒரு மீட்டர் நீளம் இழுபடும். குழந்தைகள் கையில் அது கிடைத்தால் கூரைவரை நனையும். சனிக்கிழமைகளில் சுவரை அடித்துக் கழுவும் பழக்கமும் உண்டு. ஆகையால், தரவிதிப்படி ‘மண்டலத்துக்கு வெளியே’ என்று கணக்கு வந்தாலும், நம் அறையை முழுவதும் நனையும் அறையாகவே கருதிப் பொருளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 5 அடிக்கு 4 அடிக்கும் குறைவான அறை என்றால், டிவியே வேண்டாம் என்பது என் கருத்து. நீர்புகா உறையிட்ட ஒரு டேப்லெட்டை, சார்ஜர் இல்லாமல், பேட்டரியில் மட்டும் ஓடவிட்டு அலமாரியில் வைத்தால் ஆசையும் தீரும், சுவரும் பிழைக்கும்.

எந்தப் பெட்டியை வாங்குவது

குளியலறைக்கென்றே தயாரிக்கப்படும் டிவிகள் சந்தையில் கிடைக்கின்றன. பார்க்க வேண்டியவை இரண்டு: ஐ.பி. எண்ணும், மின்சாரம் எத்தனை வோல்ட் என்பதும். ஐ.பி. எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. இரண்டாவது இலக்கம் 4 என்றால் எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கியிருந்தாலும் உள்ளே நீர் புகாது. ஹெல்த் ஃபாசெட் உள்ள அறைக்கு ஐ.பி. 65க்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

இதில் விற்பனையாளர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. பல மாடல்களில் ஐ.பி. 65 என்பது முன்பக்கக் கண்ணாடிக்கு மட்டுமே பொருந்தும். பின்பக்கம் சாதாரணப் பெட்டிதான். சுவருக்குள் குழிவெட்டிப் பதிக்கும் வகைக்கு அது போதும். சுவரின் மேல் தொங்கவிடும் வகைக்குப் போதாது. விவரத் தாளில் ‘முன்பக்கம்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். மேலும், இந்தச் சோதனைகள் குளிர்ந்த நீரைக் கொண்டு செய்யப்படுபவை; நீராவி எப்படி ஊடுருவும் என்பதை அந்த எண் சொல்லாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உள்ள வீட்டுக்கு, திரை மங்காமலிருக்கக் கண்ணாடியைச் சூடேற்றும் வசதி உள்ள பெட்டியை வாங்குவது பயன்படும். சென்னையில் அது வீண் செலவு.

12 வோல்ட்டில் ஓடும் பெட்டி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். 230 வோல்ட் நேரடியாகச் செருகும் பெட்டி, எத்தனை நீர்புகா எண் வைத்திருந்தாலும், நம் நோக்கத்துக்கு ஆகாது.

அடாப்டர்: இங்கேதான் பாதி உயிர் இருக்கிறது

230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் அடாப்டர் குளியலறைக்கு வெளியே, படுக்கையறைச் சுவரிலோ அலமாரியிலோ, கைக்கு எட்டும்படியும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். குளியலறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, படுக்கைவாட்டில் பொருத்திய கீசர் ஒளிந்திருக்கும் இடத்தில், இதையும் சேர்த்துச் சொருகிவிடும் வழக்கம் சில ஃபிட்டர்களிடம் இருக்கிறது. நீராவி மேலேறிப் போய்த் தங்கும் இடமே அதுதான். அதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

அடாப்டரின் மீது ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் காப்பு என்பது அதன் பொருள். பி.ஐ.எஸ். குறியும், அதன் கீழ் ‘ஆர்’ என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். நடைபாதையில் விற்கும் மலிவு அடாப்டரில் 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. அது பழுதடையும் நாளில் டிவிக்குப் போவது 12 வோல்ட்டாக இருக்காது.

அடுத்துச் சொல்வது நல்ல எலக்ட்ரீஷியன்களும் தவறவிடும் இடம். லேப்டாப் சார்ஜர் போன்ற மூன்று பின் அடாப்டர்கள் பலவற்றில், 12 வோல்ட்டின் நெகட்டிவ் முனை உள்ளேயே எர்த் பின்னோடு இணைக்கப்பட்டிருக்கும். வீட்டின் வேறொரு மூலையில் வாஷிங் மெஷினோ கீசரோ எர்த்தில் கசிந்தால், அந்த மின்னழுத்தம் எர்த் ஒயர் வழியாகவே குளியலறை டிவிக்கு வந்து சேரும். மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை அடாப்டரின் எர்த் பின்னிலும் மறுமுனையை வெளியீட்டு பின்னின் வெளிவளையத்திலும் தொட்டுப் பாருங்கள். மெயின் பிளக்கில் செருகாமல் செய்ய வேண்டிய சோதனை இது. பீப் கேட்டால் அந்த அடாப்டர் வேண்டாம். அதே காரணத்தால், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று டிவியின் உலோகச் சட்டத்துக்குத் தனியாக எர்த் ஒயர் கொடுப்பதும் கூடாது. எர்த் கொடுப்பது எப்போதும் நல்லது என்று பழகிய கைக்கு இது விநோதமாகத் தோன்றும். 12 வோல்ட் பக்கம் எதனோடும் ஒட்டாமல் தனித்து நிற்பதில்தான் அதன் பாதுகாப்பே இருக்கிறது.

அடாப்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பாயிண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மெயின் போர்டில் மட்டும் ஆர்.சி.சி.பி. இருந்து, அதற்குப் பின்னால் இன்வெர்ட்டர் இருந்தால், கரண்ட் போய்ப் பேட்டரியில் ஓடும் நேரத்தில் அந்த ஆர்.சி.சி.பி. வெறும் பார்வையாளர்தான். ஆகவே இன்வெர்ட்டருக்கு அப்புறம், இந்த லைனுக்கென்று தனியாக ஒன்று போடச் சொல்லுங்கள். இந்த 230 வோல்ட் பக்கத்து வேலை முழுவதையும் உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

ஒயரும் சுவரும்

24 அங்குல டிவி ஏறத்தாழ 36 வாட் எடுக்கும் என்று வைத்தால், 12 வோல்ட்டில் அது 3 ஆம்பியர். வோல்ட் குறைவாக இருப்பதால் மெல்லிய ஒயர் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 5 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தால், போக வர 10 மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேலேயே கரைந்துவிடும். டிவி தானாக அணைந்து தானாக எழும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. பைப்புக்குள் ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக இழுக்கச் சொல்லுங்கள்.

சுவரில் துளை போடுவதற்கு முன், தண்ணீர்க் குழாய்கள் எவ்வழியாகப் போகின்றன என்று தெரிய வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன்பு எடுத்த புகைப்படம் இருந்தால் அது பொன் போன்றது. இல்லையென்றால், தண்ணீர் டேப், ஆங்கிள் வால்வு ஆகியவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். குழாய்கள் பெரும்பாலும் நெட்டுக்குத்தாகவே போகும். துளை போட வேண்டிய இடத்தில் டைல்ஸின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டயமண்ட் பிட் பொருத்தி, டிரில் மெஷினின் சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில், அவ்வப்போது ஒரு துளி தண்ணீர் தொட்டுத் தொட்டுத் துளைக்க வேண்டும். முதல் சில நொடிகளில் பிட் வழுக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். சற்றே சாய்த்துப் பிடித்து ஒரு பிறை போல் பள்ளம் விழுந்த பிறகு நிமிர்த்தினால் நின்று கொள்ளும். டைல்ஸைக் கடந்து செங்கல்லைத் தொட்டுவிட்டோம் என்பது, வெளிவரும் தூள் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும்போது தெரியும். அதன் பிறகே சாதாரணக் கான்கிரீட் பிட்டுக்கு மாறலாம்.

படுக்கையறைப் பக்கத்துக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் இடையே போகும் பைப், குளியலறையை நோக்கிச் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். பைப்புக்குள் நீர் சேர்ந்தால் அது அடாப்டர் பக்கம் போகாமல் இருக்க இதுவே வழி. ஒயரை டிவியில் செருகும் முன் அதை ‘யூ’ வடிவில் கீழே ஒரு வளைவு தொங்கவிடுங்கள். ஒயர் வழியே வழிந்து வரும் துளி அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், இணைப்புக்குள் ஏறாது.

பழைய கட்டிடத்துச் செங்கல் சுவராக இருந்தால் சாதாரணப் பிளக்கும் ஸ்க்ரூவும் தாங்கும். இப்போது கட்டப்படும் எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் சுவர் அப்படியல்ல; அதில் போட்ட பிளக் நாளடைவில் பொடிந்து தளரும். அந்தச் சுவருக்கென்றே வரும் ஆங்கரையோ, வேதிப்பசை ஊற்றி நிறுத்தும் கெமிக்கல் ஆங்கரையோ பயன்படுத்த வேண்டும். ஸ்க்ரூ அனைத்தும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடலோர ஊர்களில் 304 தரத்தைவிட 316 தரம் நீடிக்கும். குழிவெட்டிப் பதிப்பதானால், வெட்டும்போது சுவரின் வாட்டர்புரூஃபிங் பூச்சு கிழிபடுகிறது என்பதை மறக்காமல், குழியின் உட்பக்கம் முழுவதும் மீண்டும் இரண்டு கோட் பூசிக் காயவிட்ட பிறகே பெட்டியை வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பாதிப்பு டிவிக்கு மட்டுமல்ல. மறுபக்கப் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் உப்பி எழும்.

ஓரங்களை அடைக்க நியூட்ரல் வகை சிலிக்கான் வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் மலிவு சிலிக்கான் உலர்கையில் அமிலத்தை வெளியிட்டு உலோகத்தை அரிக்கும். சுவரின் மேல் தொங்கும் பெட்டியாக இருந்தால் மேல்பக்கத்தையும் இரு பக்கவாட்டுகளையும் அடைத்து, கீழே ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட வேண்டும்; எப்படியோ உள்ளே புகுந்த ஈரம் வெளியேற ஒரு வாசல் வேண்டும் அல்லவா. பதிக்கும் வகைக்கு, அதோடு வரும் ரப்பர் கேஸ்கெட் குறித்துத் தயாரிப்பாளர் சொன்னபடியே செய்யுங்கள். பிறகு ஒரு நாள் முழுவதும் அந்த அறையில் குளிக்காமல் இருக்க வேண்டும். வீட்டில் ஒரே குளியலறை என்றால் இதை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

சிக்னல்

தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் டிவி ஒயரைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஊரெல்லாம் சுற்றிவரும் அந்த ஒயரின் உலோகப் பின்னல், வழியில் எந்தெந்த வீட்டின் கசிவைச் சுமந்து வருகிறதோ, யாருக்கும் தெரியாது. அதை நனைந்த அறைக்குள் கொண்டுவருவது, இவ்வளவு நேரம் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்ததைக் கொல்லைப்புறமாக உள்ளே அழைப்பதாகும். செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. கேபிளும் இதே பாவத்தில் பங்குள்ளது. அதன் உலோக உறை பாக்ஸின் உடலோடு இணைந்திருக்கும். ஆகவே குளியலறை டிவிக்கு வைஃபை மட்டுமே. கதவைச் சாத்தினால் சிக்னல் குறைகிறதா என்று, பெட்டி வாங்கும் முன்பே கையில் உள்ள போனை அந்த இடத்தில் பிடித்து, கதவை மூடி, ஒரு வீடியோ ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

காற்றோட்டம்

8 அடிக்கு 5 அடி அறை, 9 அடி உயரம் என்றால் 360 கன அடி காற்று. அதை மணிக்கு எட்டு முறை மாற்ற வேண்டுமானால், நிமிடத்துக்கு 48 கன அடி காற்றை இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். 6 அங்குல ஃபேனே இதைத் தாராளமாகச் செய்யும். குளித்து முடித்த பிறகும் 15 நிமிடம் ஓடவிடுங்கள்.

ஓடவிடும் முன் சோதனை

அடாப்டரைக் கழற்றிவிட்டு, வயர்மேன், காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவி கொண்டு அந்த 230 வோல்ட் லைனைச் சோதிக்கட்டும். காப்புத் தடை 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. பின் ஆர்.சி.சி.பி.யின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால், அல்லது இரண்டாம் முறை அழுத்தினால்தான் விழுகிறது என்றால், அதை மாற்றும்வரை டிவியைத் தொட வேண்டாம். அந்தப் பொத்தான் கருவியின் உள்ளமைப்பை மட்டுமே சோதிக்கிறது, வீட்டின் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது; அதற்கு எர்த் குழியின் தடையைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரி ஓட்டத்திலும் ஒரு முறை பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

தண்ணீர்ச் சோதனை அதற்குப் பிறகு. மின்சாரத்தை முழுவதும் அணைத்து, ஒரு மக் தண்ணீரை டிவியின் மேல் ஓரத்தில் மெதுவாக ஊற்றி, அரை மணி நேரம் கழித்து, பெட்டியின் அடியில் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை நுழைத்துத் துடைத்தெடுங்கள். பதித்த பெட்டி என்றால் கேஸ்கெட் ஓரத்தை ஒட்டிக் காகிதத்தை அழுத்திப் பாருங்கள். காகிதம் நனைந்தால் மேல்பக்கச் சிலிக்கானை உரித்துவிட்டு மறுபடியும் போட வேண்டியதுதான்.

பொத்தான் சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள். மின்கட்டணம் கட்டும் நாளோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் திரையில் வெள்ளை உப்புப் படலம் படியும். அதைப் போக்க டைல்ஸுக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொண்டுவர வேண்டாம்; சிலிக்கானும் ஓரச் சட்டமும் சேர்ந்து அரிக்கப்பட்டுவிடும். குளித்து முடித்ததும் ஒரு மெல்லிய துணியால் திரையைத் துடைத்துவிட்டால் படலமே சேராது. அறை கழுவ வருபவரிடம், கழுவத் தொடங்கும் முன் படுக்கையறையில் உள்ள அடாப்டர் சுவிட்ச்சை அணைக்க வேண்டும் என்று சொல்லி, அந்த சுவிட்ச்சின் மேல் ‘குளியலறை டிவி’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.